கொரானா ஆற்றை எதிர்த்து ஒரு கார்ப் பயணம்: சாக்ரெபிலிருந்து பிளிட்விட்சே ஏரிகளுக்கு

குரோஷியாவின் தலைநகரான சாக்ரெபிலிருந்து பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்காவுக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 130 கி.மீ. இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பதால், காலையில் கிளம்பி நண்பகலில் ஏரிகளைப் பார்த்துவிட்டு இரவுக்குள் நகருக்குத் திரும்பும் திட்டத்தையே பெரும்பாலோர் வகுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திட்டத்தில் சென்றால், பூங்காவில் மிகுந்த நெரிசல் உள்ள நேரத்தில், முன்னால் நடப்பவரின் முதுகைப் பார்த்தபடி பலகைப் பாதையில் நகர்வதுதான் பெரும்பகுதி அனுபவமாக இருக்கும். முதல் முறை நானும் அப்படித்தான் போய்வந்தேன். இரண்டாம் முறை இரண்டு இரவுகள் தங்கிப் பார்த்தபோதுதான் முதல் முறை எதைத் தவறவிட்டேன் என்பது தெரிந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாம் பயணத்தின் முறையைச் சொல்வது.

முறை எளிமையானது, ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். பிளிட்விட்சேயின் பெயர் பெற்ற 16 ஏரிகளின் நீரும் கடைசியில் ஒன்றுசேர்ந்து கொரானா என்னும் ஆறாகி, வடக்கே ஓடி, கார்லோவட்ஸ் நகரில் கூபா ஆற்றில் கலக்கிறது. (பெயரைக் கேட்டுப் பெருந்தொற்றை நினைக்க வேண்டாம், ஆற்றின் பெயர் அதைவிட மிகப் பழையது.) நாம் செல்லும் டி1 சாலை அந்த ஆற்றை ஒரு சமயம் ஒட்டியும் ஒரு சமயம் விலகியும் எதிர்த்திசையில் மேலேறுகிறது. ஆகவே காரில் ஆற்றின் முடிவிலிருந்து அதன் பிறப்பிடம் வரை ஏறிச் செல்வதும், அங்கே இறங்கியபின் நீர் செல்லும் திசையிலேயே கால்நடையாக இறங்கி வருவதும் இந்தப் பயணத்தின் அமைப்பு. இரவுத் தங்கல், நுழைவு நேரம், பூங்காவுக்குள் நடக்கும் வழி ஆகிய எல்லாவற்றையும் இதை வைத்தே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

மே மாதத்தையும் அக்டோபரின் முதல் பாதியையும்தான் நான் சொல்வேன். வசந்தத்தில் பனி உருகி மழையும் சேர்வதால் அருவிகள் நிறைந்து கொட்டும். கோடையின் பிற்பகுதியில், குறிப்பாக ஆகஸ்டில், நீர் குறைந்து கூட்டம் கூடியிருக்கும். அக்டோபரில் மலைச்சரிவின் பீச் மரங்கள் மஞ்சளும் செம்பும் கலந்த நிறத்துக்கு மாறி, அந்த நிறம் ஏரி நீரில் விழும். குளிர்காலத்தில் அருவிகள் பனிக்கட்டியாகத் தொங்கும் காட்சி அரியது என்றாலும், மேல் ஏரிகளுக்குச் செல்லும் பாதை அப்போது பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். சாலையில் பனி இருக்கும். முதல் பயணத்துக்கு அது ஏற்றதல்ல. எந்த மாதமானாலும் ஒரு குளிர் அங்கி எடுத்துச் செல்லுங்கள். ஏரிகள் கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 640 மீட்டர் உயரத்தில், காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் கிடப்பதால், ஜூலை மாத விடியற்காலையிலும் கை சில்லிடும்.

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். மணிக்கு இத்தனை பேர் என்ற கணக்கில்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால், கோடையில் நேரில் போய் வரிசையில் நிற்பவர்களுக்கு அன்றைய காலை நேரம் கிடைப்பது உறுதியல்ல. அண்மை ஆண்டுகளில் பெரியவர் ஒருவருக்குக் கோடைக் கட்டணம் 40 யூரோவும் குளிர்காலக் கட்டணம் 10 யூரோவுமாக இருந்திருக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் இரண்டுக்கும் நடுவே இருக்கும். சீட்டு வாங்கும்போது நுழைவு நேரத்தைப் போலவே நுழைவாயிலையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூங்காவுக்கு இரண்டு முக்கிய வாயில்கள் உள்ளன. ஒன்றாம் வாயில் கீழ் ஏரிகளின் பக்கத்திலும், இரண்டாம் வாயில் மேல் ஏரிகளுக்குச் செல்லும் பக்கத்திலும், அதே டி1 சாலையில் சுமார் 3 கி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கின்றன. ஒருமுறை நான் இரண்டாம் வாயிலுக்கு அருகில் அறை எடுத்துக்கொண்டு ஒன்றாம் வாயிலுக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். விடியற்காலையில் அறையிலிருந்து நடந்தே போய்விடலாம் என்ற எண்ணம் அத்துடன் போயிற்று.

காரை எடுக்கும்போது

குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசாவே போதும். பழைய குனா நாணயத்தைப் பற்றி எழுதியிருக்கும் குறிப்புகளைப் பொருட்படுத்த வேண்டாம். விசா ஒரே முறை நுழைவதற்கானது என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. பிளிட்விட்சேக்கு மிக அருகில் போஸ்னியா எல்லை இருக்கிறது. பிஹாச் நகரம் எட்டிப் பார்க்கும் தூரம்தான் என்று ஆசைப்பட்டு அந்தப் பக்கம் போய்விட்டால், ஷெங்கனுக்குள் திரும்பி வர விசா இருக்காது. வாடகைக் காரை எல்லை தாண்டி ஓட்டவும் தனி அனுமதி வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிச் செல்லுங்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் கையால் கியர் மாற்றுபவையே மலிவு. தானியங்கிக் கியர் வேண்டுமென்றால் விலை கூடும், முன்பே சொல்லி வைக்கவும் வேண்டும். வலப்பக்கமாக ஓட்டும் நாட்டில் முதல்முறை ஓட்டுபவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. இடக்கையால் கியர் போட்டுப் பழகியவர்கள் வலக்கையால் போட வேண்டியிருக்கும். அதைவிடத் தொல்லை, திருப்புக்குறி விளக்கின் கம்பி அங்கே ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருப்பது. நம் ஊரில் பெரும்பாலான கார்களில் அது வலப்பக்கம். விமான நிலையத்திலிருந்து வெளியேறும் முதல் திருப்பத்தில், வானம் வெளுத்துக் கிடக்கும்போது, முன்கண்ணாடியில் வைப்பர் இங்குமங்கும் ஆடத் தொடங்கினால், ஓட்டுபவர் நம் நாட்டுக்காரர் என்று கண்டுகொள்ளலாம். அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். மனம் பழகுவதற்குச் சற்றுக் கூடுதலாகும் இடம் சுற்றுச்சந்திப்பு: அங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், ஏற்கெனவே வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கு, அதாவது உங்கள் இடப்பக்கமிருந்து வருவதற்கு, வழிவிட வேண்டும்.

வேக வரம்பு ஊருக்குள் மணிக்கு 50 கி.மீ., ஊருக்கு வெளியே 90, விரைவுச்சாலையில் 130. குளிர்கால மாதங்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். அவசர உதவிக்கு எண் 112. காரைப் பெற்றுக்கொள்ளும்போது, நான்கு பக்கமும் சக்கர விளிம்புகளையும் சேர்த்துக் கைப்பேசியில் ஒரு காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் தராத கீறலுக்கு ஒரு நிறுவனம் பணம் கேட்டபோது, அந்த ஒன்றரை நிமிடக் காணொளிதான் என்னைக் காப்பாற்றியது.

சாக்ரெபிலிருந்து கார்லோவட்ஸ் வரை

இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏ1 விரைவுச்சாலையில் ஏறி, சுங்கச்சாவடியில் இயந்திரம் தரும் சீட்டை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சுமார் 50 கி.மீ. சென்றதும் கார்லோவட்ஸில் இறங்கிப் பணம் கட்ட வேண்டும். சுங்கம் வசூலிக்கும் முறை மாறிவருவதால் புறப்படுமுன் நடப்பு முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்ரெபுக்கும் கார்லோவட்ஸுக்கும் இடையிலான இந்தச் சாலை 1972இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் நவீன விரைவுச்சாலை இதுவே.

பலர் கார்லோவட்ஸின் புறவழியாகப் போய்விடுகிறார்கள். நம் பயணத்துக்கு ஆறு முடிகிற ஊர் அதுதான் என்பதால் ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள். கொரானா, கூபா, தோப்ரா, மிரெஷ்னிட்சா ஆகிய நான்கு ஆறுகளின் ஊர் என்று இதைச் சொல்வார்கள். ஒட்டோமான் படையெடுப்பைத் தடுப்பதற்காக 1579இல் ஆறு முனை கொண்ட நட்சத்திர வடிவில் கட்டத் தொடங்கிய கோட்டைதான் நகரத்தின் நடுப்பகுதி; அகழி இருந்த இடம் இன்று மரநிழலுள்ள நடைபாதை. கொரானாவின் கரையில் நன்னீர் மீன்களுக்கென்றே 2016இல் திறந்த ஒரு மீன் காட்சியகம் உள்ளது. குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு அது பயன்படும். அருகிலேயே ஃபோகினோவோ என்னும் ஆற்றுக் குளிக்குமிடமும் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது வேண்டியிருக்கும்.

டி1 சாலை: கார்லோவட்ஸிலிருந்து ஸ்லுஞ் வரை

ஊரைத் தாண்டித் தெற்கே டி1 சாலையில் ஏறியவுடன் தூரான் என்னும் இடத்தில், சாலையோரத்திலேயே கவச வாகனங்களும் போர் விமானமும் நிற்பதைக் காணலாம். யூகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட 1990களின் போரைப் பற்றிய அருங்காட்சியகம் அது. போர்முனை இந்த இடத்தில்தான் நின்றிருந்தது. இங்கிருந்து ஸ்லுஞ் வரையிலான சுமார் 50 கி.மீ. வழியில், புதிதாக வண்ணம் பூசிய வீட்டுக்குப் பக்கத்திலேயே கூரையில்லாத, உள்ளே மரம் வளர்ந்த வீடு ஒன்று நிற்பதைப் பல முறை பார்ப்பீர்கள். பிளிட்விட்சேயும் அந்தப் போரிலிருந்து தப்பவில்லை. 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறன்று, பூங்காவிலேயே துப்பாக்கிச் சண்டை நடந்தது. போரின் தொடக்கச் சாவுகள் அங்கே விழுந்தன. 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றிருந்த பூங்கா, 1992 முதல் 1997 வரை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இருந்தது. ஓட்டும்போது இதை அறிந்திருந்தால், அந்த வெற்று வீடுகளின் முன் படமெடுக்க வண்டியை நிறுத்தத் தோன்றாது.

சாலை ஒருவழிக்கு ஒரு தடம் கொண்டது, வளைவுகள் மிகுதி. லாரிகளின் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாகப் போவதே சரி. பின்னால் வரும் உள்ளூர்க் கார் முந்தத் துடிப்பது தெரிந்தால், பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி வழிவிட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் இழந்தால் ஒன்றும் குறையாது.

ஸ்லுஞ்சில் கட்டாயம் நிற்க வேண்டும். ஊருக்குள் நுழையுமுன் சாலை கொரானாவின் மேல் பாலத்தில் செல்லும்போதே, வலப்பக்கத்தில் கூரைகளுக்கு நடுவே வெள்ளையாக நீர் விழுவது தெரியும். அதுதான் ராஸ்டோகே. ஏழு கிலோமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள ஸ்லுஞ்சிட்சா என்னும் சிற்றாறு, கொரானாவில் சேருமுன் ஒரு சுண்ணாம்புத் திட்டின் மேல் பரந்து, பல கிளைகளாகப் பிரிந்து, வீடுகளுக்கு அடியிலும் இடையிலும் புகுந்து அருவிகளாக இறங்குகிறது. அந்த நீரின் விசையில் மாவரைக்கும் ஆலைகளை வைத்துத்தான் இவ்வூர் பல நூற்றாண்டுகள் பிழைத்தது. இன்றும் ஓடும் நிலையில் உள்ள ஓர் ஆலையைப் பார்த்தால், சக்கரம் நாம் படங்களில் கண்டதுபோல் நின்றவாக்கில் இல்லாமல், படுத்தவாக்கில் இருப்பது தெரியும்: நடுத்தண்டைச் சுற்றிப் பெரிய மரக்கரண்டிகளைச் செருகியதுபோன்ற அமைப்பு, பீறிட்டு வரும் நீர் ஒவ்வொரு கரண்டியின் குழியிலும் அறைந்து அதைத் தள்ள, தண்டின் மேல்முனையில் பூட்டிய கல் நேராகச் சுழல்கிறது. இடையே பற்சக்கரம் எதுவும் இல்லை. ஊரின் ஒரு பகுதிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டணமில்லாமல் தெருவில் நடந்தும் பாலத்தின் மேலிருந்து பார்த்தும் கூடப் பெரும்பகுதியைக் காணலாம். வண்டியைச் சாலையோரம் சொருகாமல், குறித்த நிறுத்துமிடத்தில் விட்டு நடந்து வாருங்கள். பிளிட்விட்சேயில் பெரிய அளவில் காணப்போவதை இங்கே கையெட்டும் தூரத்தில் முன்கூட்டியே கண்டுகொள்கிறோம் என்பதால், ராஸ்டோகேக்கு இரண்டு மணி நேரம் தருவது தகும்.

ஸ்லுஞ்சுக்கு அப்பால்

இங்கிருந்து பூங்காவுக்கு 30 கி.மீ. அளவே. நேரம் இருந்தால், ராகோவிட்சாவுக்கு அருகே பராச் குகைகளும், கொரானாவின் பள்ளத்தாக்கு விளிம்பில் நிற்கும் திரெஷ்னிக் கிராட் என்னும் இடிந்த கோட்டையும் உள்ளன. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கோட்டையைத் தேர்வேன். அதன் பக்கத்திலிருந்து கீழே பார்த்தால், சாலையிலிருந்து காணாமல்போன கொரானா செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே மெல்லிய பச்சைக் கோடாக ஓடுவது தெரியும்.

இந்தச் சாலையோரத்தில் ஆட்டுக்குட்டியை முழுதாகக் கம்பியில் கோத்துத் தணலில் சுழற்றி வாட்டும் உணவகங்கள் வரிசையாக உண்டு, எடைக்கணக்கில் விலை. மரம் புகையும் வாசம் காருக்குள்ளும் வரும். சைவ உணவுக்காரர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவு தாராளமானதல்ல. பிளிட்விட்சேயைச் சுற்றியுள்ள லிகா வட்டாரத்தின் உருளைக்கிழங்கு பேர்போனது. ஸ்கிரிபாவட்ஸ் என்னும் பாலாடைக்கட்டி மெல்லும்போது பல்லில் கிறீச்சென்று ஒலிக்கும். சாலையோரத் தட்டிக் கடைகளில் பாட்டிமார் அதைத் தேனுடன் வைத்து விற்பார்கள். ரொட்டி, இந்தப் பாலாடைக்கட்டி, தக்காளி ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் பகல் உணவுக் கவலை தீர்ந்தது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போவதானால் அதற்கும் தடையில்லை. பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட மேசைகள் உண்டு.

இரவுத் தங்கல்

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்தான்: மறுநாள் காலை வாயில் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க முடிய வேண்டும். இரண்டாம் வாயிலுக்கு முகின்யே, யெசெர்ட்சே என்னும் ஊர்கள் பக்கம். ஒன்றாம் வாயிலுக்கு ராஸ்டோவாச்சா பக்கம். இவற்றில் வீட்டின் ஒரு பகுதியை அறையாக வாடகைக்கு விடும் குடும்பங்கள் நிறைய. இவை நிரம்பிவிட்டால் கிராபோவட்ஸும் ராகோவிட்சாவும் உள்ளன. காரில் கால்மணி நேரம். பூங்கா நிர்வாகமே நடத்தும் விடுதிகள் வாயிலுக்கருகில் இருக்கின்றன. கட்டடங்கள் சற்றுப் பழைய பாணி என்றாலும், அங்கே தங்குபவர்கள் ஒருநாள் சீட்டை மறுநாளுக்கும் நீட்டித்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. முதல்நாள் மாலை ஒளியிலும் மறுநாள் காலை ஒளியிலும் பார்க்க நினைப்பவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பூங்காவுக்குள்: எந்த வழியில் நடப்பது

உள்ளே போகுமுன், எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை ஒரு நிமிடம் விளங்கிக்கொள்வது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஏறுமே, அதே வேதியியல்தான் இங்கே ஏரிகளைக் கட்டுகிறது. சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே ஊறிவரும் நீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. நீர் பாறையில் மோதிச் சிதறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிட, சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் பாசியின் மேலும் நுண்ணுயிர்ப் படலத்தின் மேலும் படிகிறது. பாசி மேலே வளர்கிறது, அடிப்பகுதி கல்லாகிறது. இப்படியே ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் உயர்ந்த தடுப்புகள்தான் பள்ளத்தாக்கைக் குறுக்கே அடைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை உண்டாக்கியிருக்கின்றன. துஃபா என்று சொல்லும் இந்தக் கல் தேனடையைப் போல் பொள்ளலானது, காலால் மிதித்தால் நொறுங்கக்கூடியது. ஏரிகளில் நீந்தவும் இறங்கவும் தடை இருப்பதன் காரணம் இதுவே.

பாதைகளுக்கு எழுத்துக்களால் பெயரிட்டிருக்கிறார்கள். ஒன்றாம் வாயிலிலிருந்து தொடங்குபவை ஏ, பி, சி. இரண்டாம் வாயிலிலிருந்து தொடங்குபவை இ, எஃப், எச். இரு வாயில்களிலிருந்தும் தொடங்கக்கூடிய கே என்னும் நீண்ட வழி 18 கி.மீ. அளவு, அது நாள் முழுதும் நடக்கத் துணிந்தவர்களுக்கு. மேல், கீழ் ஏரிகள் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதற்குச் சி, எச் ஆகிய இரண்டும் ஏற்றவை. ஒவ்வொன்றும் 8, 9 கி.மீ. நடை, நான்கு முதல் ஆறு மணி நேரம். சி வழி கீழிருந்து மேலே ஏறுவது. எச் வழி மேலிருந்து கீழே இறங்குவது. சி வழியில் சென்றால் வாயிலைத் தாண்டியவுடனேயே கீழ் ஏரிகளின் முழுக்காட்சி காலடியில் விரிவதால் பலர் அதையே புகழ்கிறார்கள். நான் எச் வழியின் பக்கம். காட்சி படிப்படியாகப் பெரிதாகிக்கொண்டே போவதும், நீர் எப்படி வருகிறது என்பதை அதனுடனேயே நடந்து பார்ப்பதும் அதில்தான் கிடைக்கும்; முழங்காலுக்கும் நல்லது.

ஆகவே முதல் நுழைவு நேரத்துக்கே இரண்டாம் வாயிலில் நில்லுங்கள். உள்ளே இரண்டாம் நிலையத்திலிருந்து பல பெட்டிகள் கோத்த வண்டி ஒன்று மூன்றாம் நிலையத்துக்கு மேலே ஏற்றிச் செல்லும். கட்டணம் சீட்டிலேயே அடக்கம். இறங்கினால் 636 மீட்டர் உயரத்தில் புரோஷ்சான்ஸ்கோ ஏரி அமைதியாகக் கிடக்கும். இதுதான் வரிசையில் முதலாவது. இங்கிருந்து கீழ்நோக்கி நடக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் சாரம் என்பேன். பலகைப் பாதை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே செல்கிறது. பல இடங்களில் பலகைக்கு அடியிலேயே அருவி ஓடுகிறது. பெரும்பகுதியில் கைப்பிடி கிடையாது. மழை பெய்திருந்தால் பலகை சோப்புப் பூசியதுபோல் வழுக்கும் என்பதால், அடிப்பாகம் நன்றாகப் பற்றும் காலணி வேண்டும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நடவாத காரியம். கைக்குழந்தையானால் முதுகுப்பையில் சுமந்துதான் போக வேண்டும்.

கலோவட்ஸ் ஏரியின் பக்கத்தில் எங்காவது கூட்டமில்லாத வளைவில் குனிந்து நீருக்குள் பாருங்கள். எப்போதோ விழுந்த மரமொன்று அடியில் கிடக்கும். நீர் அவ்வளவு தெளிவாக இருப்பதால் ஆழம் கணிக்க முடியாது. அந்த மரத்தின் சிறுகிளைகள்கூட உடையாமல் அப்படியே இருக்கும். ஆனால் மரத்தின் நிறம் போய், அரிசிமாவில் தோய்த்து எடுத்ததுபோல் ஒவ்வொரு கிளையும் வெண்சாம்பல் பூச்சேறி, விரல் பருமன் இருந்தது இரு விரல் பருமனாகத் தடித்திருக்கும். மீன்கள் அதன் நிழலில் ஒரே திசையில் முகம் வைத்து நிற்கும். அந்தக் கிளை கல்லாகிக்கொண்டிருக்கிறது. பெரிய அருவியைவிட இந்தக் கிளை எனக்கு நெடுநாள் நினைவில் நின்றது.

மேல் ஏரிகளின் பாதை முடியுமிடத்தில் கோஸ்யாக் ஏரி தொடங்குகிறது. 16 ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. ஏறத்தாழ 80 எக்டேர் பரப்பு. பி2 துறையிலிருந்து பி3 துறைக்கு மின்சாரத்தில் ஓடும் படகில் கடக்க வேண்டும். ஓசையில்லாத இருபது நிமிடம். கோடையில் நண்பகலுக்கு இந்தப் படகுக்குத்தான் நீண்ட வரிசை நிற்கும். காலையில் முதல் நேரத்தில் நுழைந்தவர்கள் அந்த வரிசை உருவாகுமுன் கடந்துவிடலாம். பி3 துறைக்கருகில் புல்வெளியும் கழிவறையும் சிற்றுண்டிக் கடையும் உள்ளன. கடையின் விலையைப் பார்த்தால், ஸ்கிரிபாவட்ஸும் ரொட்டியும் கட்டி வந்தது எவ்வளவு நல்லதாயிற்று என்று தோன்றும்.

அதன்பின் கீழ் ஏரிகள் நான்கு: மிலானோவட்ஸ், கவானோவட்ஸ், கலுஜெரோவட்ஸ், நோவகோவிச்சா புரோட். மேலே காடு சூழ்ந்த மென்சரிவாக இருந்த பள்ளத்தாக்கு இங்கே செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்குகிறது; நீரின் நிறமும் பச்சையிலிருந்து நீலமாகி, மேகம் விலகினால் மறுபடி மாறும். வழியிலுள்ள ஒரு சிற்றருவித் தொகுதிக்கு மில்கா திரினினாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். கச்சேரி ஒன்றின் வருவாயை இந்த ஏரிகளின் பராமரிப்புக்குக் கொடுத்த ஓபரா பாடகி அவர். கலுஜெரோவட்ஸின் கரையில், பாறையைக் குடைந்ததுபோன்ற ஷுப்லியாரா குகை வழியாகச் செங்குத்தான படிகள் மேலே ஏறுகின்றன. மூச்சு வாங்கும் என்றாலும், மேலேயிருந்து ஏரிகளும் அவற்றின் நடுவே செல்லும் பலகைப் பாதையும் ஒருசேரத் தெரியும் காட்சிக்காக ஏறலாம்.

கடைசியில் வெலிகி ஸ்லாப். பெயரின் பொருளே பெரிய அருவிதான். 78 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமானது. இந்த நீர் நாம் தொடர்ந்து வந்த ஏரிகளுடையது அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிளிட்விட்சா என்னும் தனிச் சிற்றோடை பக்கத்துப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. ஏரிகளின் நீர் இந்தப் பக்கமிருந்து இறங்குகிறது. இரண்டும் சேருமிடத்துக்கு சாஸ்தாவ்சி என்று பெயர். கொரானா என்ற பெயர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெரிய அருவியின் எதிரே படமெடுக்க நிற்கும் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றுவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், சற்று ஒதுங்கி, இரண்டு நீரும் கலக்கும் அந்தக் கீழ்முனையையும் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பாதை மேலேறி, பள்ளத்தாக்கின் விளிம்பு வழியே முதலாம் நிலையத்துக்குச் செல்லும். அங்கிருந்து வண்டி உங்களை இரண்டாம் வாயிலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். கடைசி வண்டியும் கடைசிப் படகும் புறப்படும் நேரத்தைக் காலையிலேயே வாயிலில் உள்ள பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மிச்சத் தூரத்தையும் நடந்துதான் கடக்க வேண்டும்.

பூங்காவில் ட்ரோன் பறக்கவிடக் கூடாது. நாயைக் கயிற்றில் கட்டிக் கூட்டிச் செல்லலாம். கரடியும் ஓநாயும் லிங்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனையும் இந்த 297 சதுர கி.மீ. காட்டில் வாழ்கின்றன என்றாலும், பலகைப் பாதையில் நீங்கள் சந்திக்கக்கூடியது, காலடியில் வந்து நின்று ரொட்டியை எதிர்பார்க்கும் வாத்துதான். அதற்கு உணவிடக் கூடாது.

திரும்பும்போது

கடற்கரை நோக்கிப் போகிறவர்கள் டி1 சாலையிலேயே தெற்கே கொரெனிட்சா, உத்பினா வழியாகச் சென்று ஏ1 விரைவுச்சாலையில் ஏறலாம். வெலெபிட் மலையை ஊடுருவும் ஸ்வேத்தி ரோக் சுரங்கப்பாதை ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. ஒரு முனையில் லிகாவின் மேகமும் குளிருமாக நுழைந்து, மறுமுனையில் வெயில் காயும் வெண்பாறைகளும் கடலும் தெரிய வெளிவருவது பல நாட்களில் நடப்பது. அங்கே பக்கவாட்டுக் காற்று பலமாக வீசும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சாதார் நகரம் பூங்காவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்.

சாக்ரெபுக்கே திரும்புகிறவர்கள், கோடையானால், கார்லோவட்ஸில் ஃபோகினோவோ குளிக்குமிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இரண்டு நாட்களாகத் தொடவும் கூடாது என்று காவலிருந்த அதே நீர்தான், 130 கி.மீ. அளவு ஓடி, வெயிலில் இளஞ்சூடாகி, இங்கே ஊர்ப்பிள்ளைகள் குதித்து விளையாடும் ஆறாக வந்து சேர்கிறது. இங்கே இறங்கிக் குளிக்கத் தடையில்லை. துண்டையும் மாற்றுத்துணியையும் மட்டும் பெட்டியின் அடியில் புதைத்துவிடாமல், கைக்கு எட்டுமாறு பின்னிருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.